இதுல எதை எடுத்தீங்க?

இந்த வாரம் பழைய கதை சொல்லப் போவதில்லை. ஒரு வழக்குத் தொடுக்கப் போகிறேன். முதல் எதிரி ‘அருமை’ என்ற சொல். இரண்டாம் எதிரி நான்.

எங்களில் ஒன்பது பேர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடுவது வழக்கம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஒருவர் வங்கியில் காசாளர். ஒருவர் தலைமையாசிரியை, அவரை எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவோம். என்னைப் போலக் கோப்புக் கட்டியவர்களும் உண்டு. எங்களுக்குப் பொதுவானவை இரண்டு: ஒன்று சர்க்கரை, மற்றது படம் எடுக்கும் ஆசை. இரண்டு பேரிடம் நல்ல கேமரா இருக்கிறது. மற்றவர்களுக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கைபேசிதான். ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம். கைபேசியில் காட்டக் கூடாது. பிரிண்ட் போட்டுக் கொண்டுவர வேண்டும். ஆளுக்கு மூன்று படம். மேசையில் பரப்பி வைத்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டே பார்ப்போம்.

பார்த்துவிட்டு என்ன சொல்வோம்? ‘அருமை சார்.’ ‘சூப்பர்ங்க.’ ‘கேலண்டர்ல போடலாம் போங்க.’ ஒரு படத்துக்கு அரை நிமிடம் கூட ஆகாது. அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். ஒன்பது பேரும் மகிழ்ச்சியாக வீடு திரும்புவோம். அடுத்த மாதம் அதே கோணல், அதே இருட்டு, அதே தூரத்தில் அதே மாதிரி மூன்று படங்கள் வந்து சேரும்.

இந்தக் கூட்டத்தில் ‘அருமை’ சொல்லாத ஒரே ஆள் நான். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வம் எப்படிப் போனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடம் ஆயிற்று. எங்களில் ஒரு நண்பர், அதிகம் பேசாதவர், ஒரு வீட்டின் படத்தைக் கொண்டுவந்தார். தமிழர் பகுதியில் அவருடைய பூர்விக வீடு. நம் ஊர்ப் பழைய வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு விவரிக்க வேண்டாம்: தெருப் பக்கம் ஓடு வேய்ந்த தாழ்வாரம், திண்ணை, மரத்தூண், அதற்குப் பின்னால் தலைவாசல். எதிர்ச்சாரியில் நின்று மொத்த வீட்டையும் எடுத்திருந்தார். படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. தாழ்வாரத்துக்குள் ஒரே இருட்டு. இடது ஓரத்தில், தூணுக்குப் பின்னால், ஒரு மின்சார மீட்டரும் ஏதோ பலகையும் ஒயர்களும் தெரிந்தன.

நான்கைந்து பேர் ‘அருமை’ சொல்லி முடித்தார்கள். என் முறை வந்தது. “கோணலா இருக்கு. உள்ளே ஒண்ணும் தெரியல. அந்த மீட்டர் பலகை அசிங்கமா இருக்கு, அதை வெட்டிடுங்க” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “இல்லேன்னா மின்துறைக்கு அனுப்பலாம், ரீடிங் எடுத்துக்குவாங்க” என்று சேர்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். படத்தை எடுத்து உறைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள். நான்காவது மாதம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இப்போது இருப்பது மகன் கட்டிய வீட்டில், ஊருக்கு வெளியே. காபி கொடுத்தார். சுற்றி வளைத்துக் கடைசியில் கேட்டேன்: “அந்த வீட்டுப் படம் பத்தி நான் சொன்னதுல மனசு வருத்தமா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்க வெட்டச் சொன்னீங்களே, அந்தப் பலகை... அதைத்தான் சார் எடுத்தேன்” என்றார்.

வீட்டுக்கு முதன்முதலாகக் கரண்ட் வந்தபோது அவருடைய அப்பா மீட்டருக்கு மேலே ஒரு மரப்பலகை அடித்து, அதில் தன் பெயரையும் ஆண்டையும் பிரெஞ்சு எழுத்தில் வெள்ளை வண்ணத்தால் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். அப்பாவின் கையெழுத்து என்று அந்தக் குடும்பத்தில் மிச்சம் இருந்தது பத்திரங்களில் உள்ள கையொப்பமும் இந்தப் பலகையும்தான். அண்ணன் தம்பிகள் சேர்ந்து வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் இடித்துக் கட்டப் போகிறார். அதற்கு முன்னால் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று போயிருக்கிறார். சாவி கைமாறிவிட்டது. புது ஆளிடம் போய்க் கேட்கக் கூச்சம். எதிர்ச்சாரியில் நின்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் கூட்டம் நடந்த நாளுக்கும் வீடு இடிந்த நாளுக்கும் இடையே 12 நாள் இருந்தது. தூணும் கதவும் பழைய மரக்கடைக்குப் போயின. பலகை எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்தப் படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தேன். பலகை என் சுண்டுவிரல் நகம் அளவு இருக்கிறது. கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து தெரியவில்லை. இருட்டான இடத்தில் கைபேசி சிறு விவரங்களையெல்லாம் வழித்துத் துடைத்துவிடும். வெள்ளையாக ஒரு தீற்றல், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து நெடுநேரம் யோசித்தேன். அவர் மனசு புண்பட்டது ஒரு பக்கம். மன்னிப்புக் கேட்டேன், ஏற்றுக்கொண்டார், அது தீர்ந்தது. தீராதது வேறொன்று. அன்றைக்கு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் படம் இன்றைக்கு ஒழுங்காக இருந்திருக்கும். “இதுல எதை எடுத்தீங்க?” அவ்வளவுதான். பலகை என்று சொல்லியிருப்பார். எங்களில் யாராவது அந்தப் புதுச் சொந்தக்காரரிடம் போய்ப் பேசியிருப்போம். ஐந்து நிமிட வேலை. அது மேற்குப் பார்த்த வீடு. சாயங்காலம் நாலரை மணிக்கு வெயில் சாய்ந்து தாழ்வாரத்துக்குள் வரும். அந்த நேரத்தில் இரண்டடி தூரத்தில் நின்று எடுத்திருந்தால், வண்ணத்தின் வெடிப்பு கூடத் தெரிந்திருக்கும். 12 நாள் இருந்தது.

இதில் இன்னொன்றையும் கவனித்தேன். அந்த வாய்ப்பைக் கெடுத்ததில் என்னுடைய கேலிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு மற்றவர்களின் ‘அருமை’க்கும் உண்டு. அவர்களும் கேட்கவில்லை. அவர்கள் கண்ணிலும் அந்தப் பலகை படவில்லை. என் பேச்சு அவரை வாயடைக்கச் செய்தது. அவர்கள் பேச்சு அவர் வாய் திறக்க வழியே வைக்கவில்லை. விளைவு ஒன்றுதான்.

நான் ஏன் அப்படிப் பேசினேன் என்று பின்னோக்கிப் பார்த்தால், என் பள்ளிக்கூடம் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சு மொழியில் படித்தவர்களுக்கு ‘திக்தே’ என்றால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். ஆசிரியர் வாசிக்க வாசிக்கப் பிழையில்லாமல் எழுத வேண்டும். மொத்தம் 20 மதிப்பெண். இலக்கணப் பிழை ஒன்றுக்கு 4 மதிப்பெண் போகும். ஐந்து பிழை செய்தால் பூஜ்யம். நூற்றைம்பது சொல் எழுதி அதில் நூற்று நாற்பத்தைந்து சரியாக இருந்தாலும் பூஜ்யம்தான். சரியாக எழுதியதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். சிவப்பு மையால் பிழையை மட்டும் சுழிப்பார்கள். பருவ முடிவில் மதிப்பெண் அட்டையில் மூன்று சொல் வரும்: ‘பெ மியூ ஃபேர்’. இன்னும் நன்றாகச் செய்யக்கூடியவன் என்று பொருள். என் அட்டையில் ஐந்து வருடம் அதுவே இருந்தது. எதை, எப்படி, எந்தப் பாடத்தில் என்று ஒருவரும் சொன்னதில்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டு அடிப்பார். நான் எதைத் திருத்திக்கொள்வது என்று தெரியாமல் அடி வாங்குவேன்.

‘பெ மியூ ஃபேர்’ என்பதும் ‘அருமை’ என்பதும் ஒரே குடும்பம் என்று இப்போது தோன்றுகிறது. முன்னது கசப்பு, பின்னது இனிப்பு. எந்தப் படத்தின் மேலும் எந்தப் பையன் மேலும் மாற்றாமல் ஒட்டலாம். இரண்டிலும் தகவல் ஏதும் இல்லை.

ஆனால் எனக்கு நல்ல ஆசான்களும் கிடைத்தார்கள். அவர்களை மறந்துவிட்டுத் திக்தே வாத்தியாரை மட்டும் நான் நெஞ்சில் வைத்திருந்ததுதான் தவறு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆக்ஃபா கிளிக் 3 கேமரா வாங்கினேன். உங்களில் பலர் வைத்திருப்பீர்கள். ஒரு சுருளுக்கு 12 படம். கழுவுவதற்கு ஒரு ஸ்டுடியோவில் கொடுப்பேன். அங்கே இருந்த பெரியவர் சுருளைக் கழுவிவிட்டு, பிரிண்ட் போடுவதற்கு முன்னால் என்னை உள்ளே கூப்பிடுவார். நெகட்டிவ் பட்டையை வெளிச்சப் பெட்டிமேல் வைப்பார். “தம்பி, இதுல யாரை எடுத்தீங்க?” என்பார். “என் தங்கச்சிய.” “எங்க இருக்காங்க?” நான் விரல் வைத்துக் காட்ட வேண்டும். கோயில் கோபுரத்துக்குக் கீழே ஓர் எள்ளளவு இருப்பாள். “இவங்களத் தேடணுமா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். “இது கோபுரத்தோட படம். தங்கச்சியோட படம் வேணும்னா இன்னும் பத்தடி முன்னாடி போங்க. கோபுரம் பாதி வந்தாப் போதும், கோபுரம்னு எல்லாருக்கும் தெரியும்.” 12 படத்தில் நாலைந்துக்குத்தான் பிரிண்ட் போடுவார். மற்றவற்றுக்குக் காசு வாங்க மாட்டார். அவருக்கு அதில் நஷ்டம். எனக்கு இரண்டு வருடத்தில் படம் எடுக்க வந்துவிட்டது.

அலுவலகத்திலும் அப்படி ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். நாங்கள் எழுதும் வரைவுகளைச் சிலர் சிவப்பு மையால் கிழிகிழி என்று கிழித்துத் திருப்பி அனுப்புவார்கள். சிலர் படிக்காமலேயே ஒப்பமிடுவார்கள். இவர் ஓரத்தில் ‘பேசவும்’ என்று மட்டும் எழுதி அனுப்புவார். கோப்பை எடுத்துக்கொண்டு போனால் நாற்காலியைக் காட்டுவார். “இந்தக் கடுதாசி கையில கிடைச்சதும் அந்த ஆளு என்ன செய்யணும்?” நான் சொல்வேன். “அப்ப அது ஏன் மூணாவது பத்தியில ஒளிஞ்சிக்கிட்டு இருக்கு? முதல்ல கொண்டாங்க.” கோப்பில் என் பிழை பதிவாகாது. நான் திருத்தி எழுதியதில் அவர் கையெழுத்து மட்டும் இருக்கும். முப்பது வருடம் கழித்துதான் எனக்கு உறைத்தது, அந்த ஸ்டுடியோக்காரரும் இவரும் கேட்டது ஒரே கேள்வி என்று.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். ஒருவர் தன் படத்தைக் காட்டினால் மூன்று காரியம் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் மாடியில் இப்போது அப்படித்தான் நடக்கிறது.

முதலாவது, கேட்க வேண்டும். எதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள். அதற்குப் பதில் வருவதற்கு முன்னால் குறை சொன்னால், அது வேறு யாரோ எடுக்க நினைத்த படத்துக்குச் சொல்லும் குறை. பலகைக்காக எடுத்த படத்தில் பலகையை வெட்டச் சொன்னேனே, அந்த மாதிரி.

இரண்டாவது, நம் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை அப்படியே சொல்ல வேண்டும். ‘நல்லாயிருக்கு’, ‘நல்லாயில்லை’ இரண்டும் வேண்டாம். “முதல்ல என் கண்ணு அந்த மஞ்சள் வாளிக்குத்தான் போச்சு, அப்புறம்தான் பாட்டி முகம் தெரிஞ்சுது.” இதில் குற்றச்சாட்டு இல்லை, ஒரு சாட்சி இருக்கிறது. எடுத்தவர் தன் படத்தைத் தன் கண்ணாலேயே பார்க்கிறார். பாட்டி மேல் அவருக்கு இருக்கிற பாசத்தில் வாளி அவருக்குத் தெரியாது. இன்னொருவர் கண் அவருக்குக் கிடைப்பது நம்மிடமிருந்துதான். படத்தில் நன்றாக அமைந்ததையும் இதே போல இடம் சுட்டிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவை அதையும் சேர்த்து மாற்றிவிடுவார்.

மூன்றாவது, அவர் நாளைக்குப் போய்ச் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்று. ஐந்து சொன்னால் ஐந்தும் மறந்துபோகும்.

டீச்சரம்மா ஒருநாள் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டிகள் காயும் படத்தைக் கொண்டுவந்தார். நல்ல வெயில். ஆனால் வேட்டி எல்லாம் அழுக்குச் சாம்பலாக இருந்தது. “எத்தனை நீலம் போட்டும் படத்துல வெளுக்க மாட்டேங்குதே” என்றார். பழைய நானாக இருந்தால் சோப்பைப் பற்றி ஒரு கேலி செய்திருப்பேன். விஷயம் என்னவென்றால், கேமராவுக்கு வெள்ளை, கறுப்பு என்று தெரியாது. முன்னால் இருப்பது எல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தை அளக்கும். சட்டம் முழுக்க வெள்ளை வேட்டியாக இருந்தால், வெளிச்சம் மிகுதி என்று நினைத்து இருட்டாக்கிவிடும். கைபேசியில் வேட்டியைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சின்ன சூரியன் வரும். அதை விரலால் கொஞ்சம் மேலே தள்ள வேண்டும். இதை மட்டும் சொன்னேன். அடுத்த மாதம் வேட்டி பளிச்சென்று வந்தது. அவர் இப்போது இதை எனக்கே பாடம் எடுக்கிறார்.

இதே கதையின் மறுபக்கம்தான் கடற்கரைச் சாலையில் நாம் எல்லோரும் காலையில் எடுக்கும் படம். சாலையில் நின்று கடலைப் பார்த்துக் காந்தி சிலைப் பக்கம் ஆளை நிறுத்தி எடுத்தால், எதிரே சூரியன். வானத்தின் வெளிச்சத்துக்குக் கேமரா தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆள் கருநிழலாக நிற்பார். மனைவி முகம் வேண்டுமென்றால் அவரைக் கடலைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டு நாம் கடல் பக்கம் போய் நிற்க வேண்டும். சிலையோடு கருநிழல்தான் வேண்டுமென்றால் எடுத்தது சரிதான். எதை எடுத்தோம் என்பதைப் பொறுத்து அதே படம் பிழையாகிறது, அல்லது சரியாகிறது.

பஞ்சாலை நண்பர் வீராம்பட்டினம் ஆடித் தேரை வருடா வருடம் எடுப்பார். மொத்தத் தேரும் வர வேண்டும் என்று தூரத்தில் போய் நிற்பார். மேலே பாதி வெள்ளை வானம், நடுவில் தேர், கீழே கூட்டம். “எதை எடுத்தீங்க?” என்று கேட்டோம். “தேரை.” “தேர்ல எது பிடிச்சுது?” யோசித்தார். “இழுக்கிறது” என்றார். அப்போதுதான் எல்லோரும் படத்தின் அடிப்பகுதியைப் பார்த்தோம். வடத்தைப் பிடித்த கைகள் வரிசையாக, வியர்வையோடு, அங்கே ஓரத்தில் சின்னதாக இருந்தன. “உங்க படம் கீழ்க் கால்பங்குலதான் இருக்கு” என்றார் டீச்சரம்மா. அடுத்த வருடம் அவர் வடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்தப் படம் இப்போது அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தேர் அதில் ஒரு சக்கரம் மட்டும்தான்.

வெட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் என் குற்றமே அதில்தான் நடந்தது. ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் நம் ஊருக்கு 1950 ஏப்ரலில் வந்து, பல வருடங்களாகப் படம் எடுக்க இடம் கொடுக்காதிருந்த ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தவர். அதே வருடம் டிசம்பரில் ஸ்ரீ அரவிந்தர் மறைந்தார். அந்தக் கார்த்தியே-பிரெசோன், எடுத்த படத்தைப் பிறகு வெட்டக் கூடாது என்பதில் பிடிவாதக்காரர். ஆனால் அவருடைய மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று, 1932இல் பாரிஸ் சான்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் தேங்கிய நீரைத் தாண்டிக் குதிப்பது, வெட்டிய படம். வேலிப் பலகை இடுக்கில் எடுத்ததால் ஓரத்தில் பலகை மறைத்தது, அதை நீக்கினார். அவர் எடுத்தது குதிப்பவரை. அங்கே பலகை தடை. என் நண்பர் எடுத்தது பலகையை. அங்கே வீடுதான் தடை. எல்லாப் படத்துக்கும் பொதுவாக ‘ஓரத்தை வெட்டு’ என்ற விதியைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேனே, அந்த விதிக்கு இது தெரியாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது எனக்குத் தெரியும். எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் சொல்கிறார்: “சார், எழுபது தாண்டியாச்சு. பொழுதுபோக்குக்கு எடுக்கிறோம். போட்டிக்கா போறோம்? நல்லாயிருக்குன்னு ரெண்டு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சிடும்? வீட்டுல யாரு நம்மகிட்ட நல்லாயிருக்குன்னு சொல்றாங்க?” கடைசி வாக்கியத்தில் உண்மை இருக்கிறது, அதைக் கேட்டு எனக்கும் தொண்டை அடைத்தது. பாராட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்க்காமல் சொல்லும் பாராட்டு, வாசலில் நின்றபடியே ‘சௌக்கியமா’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவது மாதிரி. ஒரு படத்தின் முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, அதில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பேசுவதும் மரியாதைதான். அது ‘அருமை’யை விடப் பெரிய மரியாதை. எழுபது வயதுக்காரரால் இனி ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது என்று முடிவு கட்டியவர்தான் அவரிடம் ‘அருமை’ என்று சொல்லிவிட்டு நகர முடியும்.

இன்னொன்று. இளைஞர்களுக்கு ‘அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒன்று உண்டு. நமக்கு அது குறைவு. நாம் எடுக்கும் பொருளுக்கு அதைவிடக் குறைவு. 2014 நவம்பர் மழையில் கடற்கரையில் மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. அதே வடிவில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஒன்பது பேரிடமும் பழைய மேரியின் முன்னால் குடும்பத்தோடு நின்ற படம் இருக்கிறது. உள்ளே எடுத்த படம் ஒருவரிடமும் இல்லை. 2022 மார்ச்சில் பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி கடலில் சரிந்தது. அதையும் எல்லோரும் தூரத்தில் ஒரு கோடாக எடுத்து வைத்திருக்கிறோம். ‘என்ன எடுத்தீங்க, கிட்டப் போயிருக்கலாமே’ என்று அப்போது யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லாம் அருமையாகத்தான் இருந்தது.

நண்பர் திரும்பி வந்தார். ஒரு வருடம் ஆயிற்று. பழையபடி அதிகம் பேசுவதில்லை. ஆனால் யார் படம் வைத்தாலும் அந்தக் கேள்வியை முதலில் கேட்பவர் அவர்தான்.

போன மாதம் நான் என் பேரன் படத்தை வைத்தேன். காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கல்தூண்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் நடுவே ஓடுகிறான். தூண்கள் எல்லாம் நேராக, அடிவானம் மட்டமாக, வெளிச்சம் சரியாக. எனக்குத் திருப்தி. நண்பர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார்.

“இதுல எதை எடுத்தீங்க சார்?”

“பேரனத்தான்.”

“தூண் எட்டையும் எண்ணிட்டேன். நிழல் நல்லா விழுந்திருக்கு, அதை விட்டுடாதீங்க. பேரனத்தான் தேட வேண்டியிருக்கு. ஒரு பத்தடி முன்னாடி போயிருக்கலாமே?”

ஸ்டுடியோப் பெரியவர் என்னிடம் ஐம்பது வருடத்துக்கு முன்னால் சொன்ன அதே பத்தடி. ஒரு கணம் முகம் சுருங்கியது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு படத்தை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

பேரன் விடுமுறைக்கு மறுபடி வருகிறான். அவன் வளர்ந்திருப்பான், அந்த ஓட்டம் இருக்குமோ என்னமோ. இருந்தாலும் காலை ஏழரைக்குள் வண்டி வராத நேரமாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். இந்தத் தடவை கிட்டப் போய் நிற்பேன்.